மதகு யார் கையில்?

கதை எழுதுகிறவன் கதையோடு நின்றுகொள்ள வேண்டும் என்று கருதும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அரசியலைப் பற்றி எழுதினால், “உனக்கேன் இந்த வம்பு?” என்பார்கள். சங்கீதத்தைப் பற்றி எழுதினால், “உனக்கு என்ன தெரியும்?” என்பார்கள். இந்தத் தடவை நான் எழுதப் போவது ரேடியோ வால்வுகளின் கிரிட் பயாஸைப் பற்றி. இதற்கு என்ன சொல்வார்களோ, எனக்கே தெரியவில்லை. ‘நமக்கு எதற்கு இது?’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிற வாசகரைக் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் நிறுத்த விரும்புகிறேன். ஓம், வோல்ட் என்று சில கணக்குகள் வரத்தான் செய்யும். ஆனால் நான் சண்டைக்கு இழுப்பது கணக்கை அல்ல. பிறத்தியார் பணத்தில் சிக்கனம் போதிக்கிற பெரிய மனிதர்களைத்தான்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் அமெச்சூர் ரேடியோக்காரன். மத்திய அரசாங்கம் நடத்தும் பரீட்சையை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ‘வி.யு.’ என்று தொடங்கும் ஓர் அழைப்புக்குறியைப் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டத்தில் ஒருவன். காந்திபுரத்தில், கிராஸ்கட் ரோட்டின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில், என் மாடியறை இருக்கிறது. பகலெல்லாம் அங்கே கதாபாத்திரங்களோடு மல்லாடிவிட்டு, ஊர் அடங்கிய பிறகு மோர்ஸ் கீயைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் பௌதிக வகுப்பில் கடைசிப் பெஞ்சுதான். மின்சாரத்தைப் பற்றி நான் கற்றதெல்லாம் சாலிடரிங் இரும்பால் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றது. ஆகவே நிபுணன் என்ற கோதாவில் நான் பேசவில்லை. சூடுபட்டவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

என் அறைக்கு ஒரு பையன் வருவான். மில் தொழிலாளி ஒருவரின் பிள்ளை. கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை. நம் ஊரில் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு கடை இருக்கும். கருகிப் போன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் முக்கி, மறுபடியும் கிணற்றுக்கு அனுப்பி வைக்கிற கடை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள். அதிலிருந்து கம்பி சுற்றுவது எங்களுக்குக் குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டது. இந்தப் பையனுக்கும் கை நன்றாக ஓடும். பரீட்சையில் தேறி லைசென்ஸும் வாங்கிவிட்டான். கையிலே காசு இல்லை என்பது ஒன்றுதான் குறை. வெளிநாட்டு செட்டின் விலையைக் கேட்டால் அவனுக்கு மட்டுமல்ல, எனக்கே மயக்கம் வரும்.

ஆகவே தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்டுவது என்று தீர்மானித்தான். பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் ஒரு 807 வால்வு கிடைத்தது. 807 என்பது வால்வுகளில் நம் நாட்டு உழவு மாட்டைப் போல. 1936-இல் அமெரிக்காவில் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் வெளியிட்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் ராணுவ செட்டுகளில் ஏராளமாகப் புழங்கியது. யுத்தம் முடிந்ததும் டிஸ்போஸல் சரக்காக உலகமெங்கும் மலிந்தது. உச்சந்தலையில் ஒரு குமிழோடு, கண்ணாடிக் கூஜா மாதிரி இருக்கும். அடியையும் உதையையும் பொறுத்துக்கொள்ளும் ஜாதி. டிரான்ஸ்பார்மரைப் பையன் தன் கடையிலேயே, முதலாளியின் அனுமதியோடு, ராத்திரியில் உட்கார்ந்து சுற்றினான். மூன்று மாதச் சேமிப்பு அதில் போயிற்று.

ஒருநாள் இரவு எட்டரை மணிக்குப் படியேறி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

“ஏனுங்ண்ணா, பிளேட்டு செவந்து போச்சுங்க. அப்புறம் டிரான்ஸ்பார்மர்ல ஒரே பொகைங்க. நான் ஒண்ணுந் தப்பா முறுக்கலீங்கண்ணா.”

அவன் தப்பாக ஒன்றும் முறுக்கவில்லைதான். போய்ப் பார்த்தேன். வேலை படுசுத்தம், ஒரு சாலிடர் முனைகூடக் கோணலாக இல்லை. தப்பு வரைபடத்தில் இருந்தது. அந்த வரைபடத்தைக் கொடுத்தவர் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பையன் கேதோடில் ஒரு ரெஸிஸ்டர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறான். “அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் செய்கிற வேலை. பவரை அதுவே தின்றுவிடும். கிரிட்டிலே ஒன்று போதும்” என்று சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் பேரை எழுத மாட்டேன். அவர் ஒருவர் அல்லர். ஊருக்கு ஊர் இருக்கிறார்.

இங்கேதான் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது. வால்வு என்றால் என்ன? நொய்யலில் அணைகட்டி, ராஜவாய்க்கால் வெட்டி, குளம் குளமாகத் தண்ணீரைக் கொண்டுபோன சீமையில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். வால்வுக்குள்ளே கேதோடு என்று ஒன்று சூடேறி எலெக்ட்ரான்களைக் கக்குகிறது. அது குளம். பிளேட் என்று ஒன்று 600 வோல்ட் அழுத்தத்தோடு அவற்றைத் தன்பால் இழுக்கிறது. அது பள்ளத்து வயல். இரண்டுக்கும் நடுவே கம்பிச் சுருளாக நிற்கும் கிரிட்தான் மதகு. கிரிட்டுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுக்கக் கொடுக்கப் பலகை இறங்கும், ஓட்டம் குறையும். ஆண்டென்னாவுக்குப் போக வேண்டிய சிறு அலை இந்தப் பலகையை ஏற்றி இறக்குகிறது. சிறு கை அசைவுக்குப் பெரிய வெள்ளம் ஆடுகிறது. ஆம்ப்ளிபையர் என்பது அவ்வளவுதான்.

அலை எதுவும் வராதபோது பலகை எந்த இடத்தில் நிற்க வேண்டும்? அந்த இடத்துக்குத்தான் பயாஸ் என்று பெயர். மோர்ஸ் அனுப்பும் 807-க்கு, பிளேட்டில் 600 வோல்ட், ஸ்கிரீனில் 250 வோல்ட் என்றால், கிரிட்டில் 45 வோல்ட் எதிர் அழுத்தம் இருக்கட்டும் என்பது வால்வு செய்தவர்கள் கொடுத்த கணக்கு. பலகையை முழுக்க அடைத்து, அதற்கு மேலும் ஓர் அழுத்து அழுத்தி வைப்பது என்று அர்த்தம். அலையின் உச்சி மட்டும் பலகையைத் தூக்கும். ஓட்டம் விட்டுவிட்டுப் பாயும். இதற்கு ‘ஸி’ வகுப்பு என்று பெயர். 60 வாட் உள்ளே போனால் 40 வாட் அலையாக வெளியே வரும். மிச்சம் 20 வாட் பிளேட்டில் சூடாகும். தொடர்ந்து 25 வாட் வரை அந்தப் பிளேட் தாங்கும். இதுவரைக்கும் எனக்கும் அந்தப் பெரியவருக்கும் தகராறு இல்லை. அந்த 45 வோல்ட் எங்கிருந்து வருவது என்பதில்தான் தகராறு.

மூன்று வழிகள் உண்டு. மதகுக்கு மூன்று விதமான காவல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தனியாக ஓர் ஆளைப் போட்டுப் பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. தனி டிரான்ஸ்பார்மர், தனி டயோடு வைத்து எதிர் மின்சாரம் தயாரித்துக் கிரிட்டுக்குக் கொடுப்பது. ஆள் ஒழுங்கானவனாக இருந்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவன் தூங்கிவிட்டால் வயல் போயிற்று.

இரண்டாவது, ஓடுகிற தண்ணீரையே காவலாக வைப்பது. கேதோடின் வழியில் ஒரு ரெஸிஸ்டரை வைத்துவிட்டால், வால்வில் ஓடும் மின்சாரம் முழுதும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். ஓட்டம் கூடினால் அதில் அழுத்தம் கூடும். அந்த அழுத்தமே பலகையைக் கீழே இறக்கும். வெள்ளம் பெருகப் பெருகத் தானே அடைத்துக்கொள்ளும் மதகு! நம் முன்னோர்கள் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். 807-க்குச் சுமார் 400 ஓம் போதும்.

மூன்றாவதுதான் பெரியவர் சொன்னது. கிரிட்டின் வழியில் சுமார் 12,800 ஓமில் ஒரு ரெஸிஸ்டர். அலை வேகமாக வந்து மோதும்போது அதன் உச்சியில் கிரிட் ஒரு கணம் நேர்ப்பக்கம் போய், மூன்றரை மில்லியாம்பியர் மின்சாரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அந்த மின்சாரம் ரெஸிஸ்டரில் ஓடி 45 வோல்ட்டை உண்டாக்கும். செலவு சொற்பம், பிளேட் அழுத்தத்தில் ஒரு வோல்ட்கூட நஷ்டமில்லை. அலை பெரிதானால் காவலும் பலமாகும். பார்க்க வெகு சாமர்த்தியமான ஏற்பாடு.

ஆனால் அந்த அலை நின்று போனால்?

அலை நின்றால் மூன்றரை மில்லியாம்பியர் இல்லை. அது இல்லையென்றால் 45 வோல்ட் இல்லை. மதகு முழுக்கத் திறந்துகொள்ளும். யாரைக் காவல் காக்க வேண்டுமோ அவன் தயவிலேயே நிற்கிற காவல் இது. பையன் செய்தது என்ன? எல்லாப் புதியவர்களும் செய்வதைத்தான் செய்தான். மோர்ஸ் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் ஆஸிலேட்டரின் திருகைத் திருப்பி, மீட்டரில் எங்கே முள் சரியாக நிற்கிறது என்று தேடியிருக்கிறான். திருகு கொஞ்சம் தாண்டிப் போயிற்று. கிரிஸ்டல் ஆடுவதை நிறுத்திக்கொண்டது. அலை நின்றது. வெள்ளம் திறந்தது. பழையபடி நூறு மில்லியாம்பியர்தான் ஓடியது என்றே வைத்துக்கொண்டாலும், அலையாகப் போக வழியில்லாத அந்த 60 வாட் முழுதும் 25 வாட் தாங்கக்கூடிய பிளேட்டின் தலையில் விழும். உண்மையில் ஓடுவது அதைவிட அதிகம். பிளேட் சிவக்காமல் என்ன செய்யும்? டிரான்ஸ்பார்மர் புகையாமல் என்ன செய்யும்? பையன் கண்ணை மீட்டரில் வைத்திருந்தான், வால்வைப் பார்க்கவில்லை. அரை நிமிஷத்தில் மூன்று மாதம் போயிற்று.

கேதோடில் 400 ஓம் இருந்திருந்தால்? அலை நின்றதும் ஓட்டம் கூடப் பார்த்திருக்கும். கூடுவதற்கு முன்பே பலகை இறங்கியிருக்கும். 50 மில்லியாம்பியருக்குள் அடங்கி நின்றிருக்கும். வால்வு சற்றே சூடேறும், சாகாது. பையன் நிதானமாக, ‘என்னவோ சரியில்லையே’ என்று கீயிலிருந்து கையை எடுக்க அவகாசம் கிடைத்திருக்கும். அந்த அவகாசத்தைத்தான் ‘பயந்தாங்கொள்ளி வேலை’ என்று தள்ளிவிட்டார்கள்.

பெரியவருடைய கட்சியையும் நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட வேண்டும். கேதோடு ரெஸிஸ்டர் 45 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது என்கிறார். வாஸ்தவம். பிளேட்டுக்கு 600 வோல்ட்டுக்குப் பதில் 555 வோல்ட்தான் மிஞ்சும். சுமார் 5 வாட் அந்த ரெஸிஸ்டரில் சும்மா சூடாகப் போகிறது. அதுவும் வாஸ்தவம். ஆண்டென்னாவுக்குப் போகும் 40 வாட், ஏறக்குறைய 37 வாட் ஆகிவிடும்.

மூன்று வாட்! இந்த மூன்று வாட்டுக்காக அல்லவா இத்தனை பிரசங்கமும்? சரி, இதைக் கேட்கப் போகிறவரிடம் போய் விசாரிப்போம். ஒலியின் ஏற்ற இறக்கத்தை டெஸிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். ஒரு டெஸிபல் வித்தியாசம் இருந்தால்தான் பழகிய காதுக்குக்கூட ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்றும். 40 வாட்டுக்கும் 37 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெஸிபலில் மூன்றில் ஒரு பங்கு. ரிஸீவரில் உள்ள ‘எஸ்’ மீட்டரில் முள் ஒரே ஒரு எண் ஏற வேண்டுமென்றால் ஆறு டெஸிபல் வேண்டும். அதாவது 40 வாட்டை 160 வாட்டாக ஆக்க வேண்டும். பெரியவர் காப்பாற்றிக் கொடுத்த மூன்று வாட்டைக் கொழும்பில் உட்கார்ந்து கேட்கிறவர் கண்டுபிடித்துவிட்டால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அப்படியும் அந்த மூன்று வாட் வேண்டுமென்று ஒருவருக்கு ஆசை இருந்தால், வைண்டிங் கடைக்காரப் பையனிடம் சொன்னால் போதுமே! டிரான்ஸ்பார்மரில் 45 வோல்ட்டுக்குக் கூடச் சில சுற்றுகள் சுற்றித் தந்திருப்பான்.

சிக்கனம் இந்த ஊருக்குப் புதியதல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் செய்து கொடுக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தவர் ஜி.டி. நாயுடு. அந்த ஊரில் இருந்துகொண்டு மலிவை நான் பழிக்க மாட்டேன். ஆனால் கூரையிலே ஓட்டைக் குறைத்தால் அது சிக்கனம்; தூணைக் குறைத்தால் அதற்கு வேறு பெயர். மலிவாகச் செய்கிறவன் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று இருமடங்கு யோசிக்க வேண்டும். பணக்காரன் யோசிக்காமல் செய்தாலும் பிழைத்துக்கொள்வான்.

இப்போது என் வழக்கின் உயிர்நிலைக்கு வருகிறேன். ஒரு கூட்டத்தில் அந்தப் பெரியவரைச் சந்தித்தபோது இந்தச் சங்கதியைச் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. சிரித்தார். “ஒரு வால்வையாவது சுட்டால்தானே ஐயா வித்தை வரும்? நாங்களெல்லாம் எத்தனை சுட்டிருக்கிறோம்!” என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வீட்டு அலமாரியை நான் பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டி பிரிக்காத வால்வுகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றைச் சுட்டால் இன்னொன்றைச் செருகுவார். அனுபவம் ஒன்று சேர்ந்தது என்று டைரியில் எழுதிக்கொள்வார். இரண்டாவது வால்வு உள்ளவனுக்குத்தான் முதல் வால்வின் சாவு பாடம் கற்பிக்கும். இரண்டாவது வால்வு இல்லாதவனுக்கு அது ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்பிக்கிறது: ‘இது உன்னைப் போன்றவனுக்கு அல்ல, எழுந்து போ.’ எத்தனை பையன்கள் அப்படி எழுந்து போயிருப்பார்கள்! அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் வந்து தங்கள் கதையைச் சொல்வதில்லை. மிஞ்சினவர்கள்தான் வருகிறார்கள். மிஞ்சினவர்கள் தங்கள் தழும்பைக் காட்டி, தழும்புதான் வித்தை என்று சாதிக்கிறார்கள்.

யோசனை சொல்கிறவன் தன் பையைப் பார்த்துச் சொல்லக் கூடாது. கேட்கிறவன் பையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பயாஸை எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு, எல்லாம் சரியாக நடக்கும்போது எது அதிகம் தரும் என்று பார்த்துப் பதில் சொல்வது பாதிப் பதில். ஏதாவது ஒன்று கெட்டால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் சொல்லாமல் விட்டவர் எத்தனை பெரிய நிபுணராக இருந்தாலும் அரை நிபுணர்தான்.

கேதோடு ரெஸிஸ்டர் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் நானும் அந்தப் பெரியவரும் ஒரே ரகம் ஆகிவிடுவோம். மோர்ஸ் அனுப்புகிறவனுக்கு அது நல்லது. பாதியைக் கேதோடிலும் பாதியைக் கிரிட்டிலும் பங்கு போட்டாலும் ஓரளவு தப்பிக்கலாம். முழுக் காப்பு இல்லாவிட்டாலும் கையை எடுக்கச் சில விநாடிகளாவது கிடைக்கும். ஆனால் குரலை அனுப்புகிற எஸ்.எஸ்.பி. முறைக்கு ‘ஸி’ வகுப்பே ஆகாது. மதகை இறுக்கி அடைத்து வைத்தால் மெல்லிய பேச்செல்லாம் வெளியே வராமல் செத்துப்போகும். உரத்த பேச்சு மட்டும் உடைந்து சிதறி, பக்கத்து அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் காதில் விழும். அடுத்த வீட்டுத் திண்ணையில் குப்பையைக் கொட்டுவதற்கு ஒப்பான காரியம் அது. குரலுக்கு மதகு கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும். அதுவும் ஆடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கேதோடு ரெஸிஸ்டரோ பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் கூடவே ஆடும். அங்கே தனி ஆள் காவல்தான் சரி. அவன் தூங்கினால் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கிறது: எதிர் மின்சாரம் வந்தால்தான் 600 வோல்ட் வரும்படி ஒரு ரிலேயை இடையில் போட்டுவிடலாம். அல்லது கேதோடில் ரெஸிஸ்டருக்குப் பதிலாக ஒரு ஸீனர் டயோடு வைத்தால், அழுத்தம் ஆடாமல் நிற்கும். 811-ஏ போன்ற சில வால்வுகள் பயாஸே கொடுக்காவிட்டாலும் அளவான பிளேட் அழுத்தத்தில் அடக்கமாக இருக்கும்படி பிறந்தவை. எந்த வேலைக்கு எந்தக் காவல் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் எந்த வேலையானாலும் கேள்வி ஒன்றே: காவல் போனால் என்ன ஆகும்?

“வால்வே போய்விட்டதே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?” என்று கேட்பவர்களும் உண்டு. வால்வு போகலாம்; மதகு போகவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர், சாதாரணக் கடையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டே கட்டக்கூடிய ‘பிட்எக்ஸ்’ என்னும் சிறு செட்டை வடிவமைத்து, வரைபடத்தை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். அதன் கடைசிக் கட்டத்தில் இருப்பது வால்வு அல்ல, ஐ.ஆர்.எஃப். 510 என்ற விரல் நுனி அளவுள்ள டிரான்ஸிஸ்டர். அதற்கும் பயாஸ் உண்டு. அதை ஒரு சின்னத் திருகால் சரிசெய்ய வேண்டும். அளவு மீறித் திருகினால் வால்வைப்போலச் சிவந்து எச்சரிக்கைகூடச் செய்யாது. கண் இமைப்பதற்குள் செத்துவிடும். ஆகவே சாமான் மாறினாலும் யோசனை சொல்கிறவர்களின் பொறுப்பு மாறவில்லை. கூடித்தான் இருக்கிறது.

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதில் என்ன பெரிய தர்மம் என்றும் கேட்கலாம். 2004 டிசம்பரில் டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் ஒரு சிறு குழுவோடு அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போனார். அங்கிருந்து அமெச்சூர் ரேடியோவில் பேசி, உலகத்து ஹாம்களுக்கு ஓர் அபூர்வ இடத்தோடு தொடர்பு தருவதுதான் நோக்கம். சுத்தமான பொழுதுபோக்கு. 26-ஆம் தேதி கடல் பொங்கியது. போன் கம்பிகள் ஊமையாகிப் போன நேரத்தில், அந்தப் பொழுதுபோக்கு செட்டுத்தான் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய செய்திகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நேரத்தில் யாரும், ‘எத்தனை வாட்?’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். ‘வேலை செய்கிறதா?’ என்றுதான் கேட்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் நம் ஊருக்கும் வந்தால் கீயில் கை வைக்க யார் இருப்பார்கள்? அலமாரி நிறைய வால்வு வைத்திருக்கும் நாலு பேர் மட்டும் போதுமா? ஊருக்குப் பத்துப் பையன்கள் வேண்டாமா? அவர்களைத்தான் முதல் படியிலேயே உதைத்துத் தள்ளுகிறோம். அதுவும் மூன்று வாட்டுக்காக.

ஆகவே வரைபடம் எழுதிக் கொடுக்கும் பெரியவர்களிடம் என் விண்ணப்பம் சின்னதுதான். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: ‘அலை நின்றால் இந்த வால்வு இவ்வளவு மின்சாரம் இழுக்கும்.’ அந்த வரியை எழுத முடியாதவர்கள் வரைபடத்தையும் எழுத வேண்டாம். எழுத முடிந்தும் எழுதாதவர்கள், இனி யாராவது ஒரு பையன் புகைந்த டிரான்ஸ்பார்மரோடு வந்தால், அலமாரியைத் திறந்து பெட்டி பிரிக்காத ஒரு வால்வை எடுத்து அவன் கையில் கொடுக்கட்டும். அதற்குப் பிறகு, சுட்டால்தான் வித்தை என்று தாராளமாகப் பிரசங்கம் செய்யட்டும்.

பையன் போகவில்லை. அதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். டிரான்ஸ்பார்மரைப் பிரித்து மறுபடியும் சுற்றினான். கருகின கம்பியை உரிப்பது அவனுக்குத் தினசரி வேலை. என்னிடம் ஒரு பழைய 807 இருந்தது; அதைக் கொடுத்தேன். கடனாகத்தான் வாங்கிக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். கேதோடில் 400 ஓம் வைத்தான். அது அறுந்துபோனாலும் ஆபத்து வராமல் இருக்க ஒரு பியூஸும் போட்டான். மின்சாரத்தை நிறுத்தின பிறகும் கண்டென்சரில் தங்கி நிற்கும் 600 வோல்ட்டை வடியவிட ஒரு ரெஸிஸ்டரையும் நான் சொல்லாமலே வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு, கீயை அழுத்தினான். 40 மீட்டர் அலையில் கொழும்பிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். ‘579’ என்று குறிப்புத் தந்தார். தெளிவாகக் கேட்கிறது, பலம் ஏழு என்று அர்த்தம். மூன்று வாட் கூட இருந்திருந்தாலும் அவர் ஏழு என்றுதான் சொல்லியிருப்பார்.

பேச்சு முடிந்ததும் பையன் எழுந்தான். விளக்கை அணைத்தான். கீயை மறுபடியும் அழுத்திக்கொண்டு, மறுகையால் கிரிஸ்டலைச் சாக்கெட்டிலிருந்து மெதுவாகப் பிடுங்கினான். எனக்குப் பகீரென்றது. மீட்டரின் முள் நூறிலிருந்து சரிந்து ஐம்பதுக்குக் கீழே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இருட்டில் இரண்டு பேரும் வால்வையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“செவக்கலீங்கண்ணா” என்றான்.